வெள்ளிக்கிழமை ஏலத்தில் அணையாத மெழுகுவத்தி

அன்று சாயங்காலம் செங்கேணி அம்மாளிடம் நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னது பேச்சுவாக்கிலா, தெரிந்தேதானா? நான்கு வருஷமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது பேச்சுவாக்கில்தான் என்று தோன்றுகிறது. அவள் மத்தியானம் தூங்கியபிறகு, இல்லை, தெரிந்தேதான் என்று தோன்றுகிறது.

என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு வயது இருபத்தெட்டு. ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும், நாலு பேர் பேசி மாலை போட வேண்டும். எங்கள் நொத்தேர் ஐயா எனக்கு ஒரு மைக்கூட்டைக் கொடுத்து, "போய் வாருங்கள், மதாம்" என்றார். அவ்வளவுதான். ஆனாலும் வில்லியனூர் நொத்தேர் காரியாலயத்தில் ஆறு வருஷம் நகல் எழுதியவள் நான். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். வேலையும் முடிந்தது, திரும்பிப் போகப்போவதும் இல்லை என்றால் அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் பக்கத்தில் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் சகோதரிகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே பத்திரம் எழுதுபவர், பதிவு செய்பவர், வக்கீல் என்று மூன்று பேர் செய்யும் வேலையை பிரெஞ்சு எல்லைக்குள் நொத்தேர் ஒருவரே செய்வார். விற்பனை, பாகப்பிரிவினை, உயில் எல்லாம் அவர் எழுதினால்தான் செல்லும். சொத்து ஏலமும் அவர் பொறுப்பு. அந்த ஏலத்தை எங்கள் பக்கம் மெழுகுவத்தி ஏற்றி நடத்துவார்கள்.

இப்போது ஜெர்மன் சண்டையினால் நல்ல மெழுகுவத்தி கிடைப்பதில்லை. கிடைப்பதும் சடசடவென்று பொரிந்து பாதியில் படுத்துவிடுகிறது. அதனால் எங்கள் ஐயா ஒரு மணல் கடிகாரம் வாங்கியிருக்கிறாராம். என் இடத்துக்கு வந்திருக்கும் பிலோமினா என்ற பெண் போன வாரம் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, பழைய மொற எப்படின்னு ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னாரு. சிக்கலா நடந்த ஏலம் ஏதாவது இருந்தா அதையும் அப்படியே எழுதணுமாம்" என்றாள்.

சிக்கலாக நடந்தது ஒன்றே ஒன்றுதான். அதைக் காரியாலயத்துக்கு எழுதுவதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வீடு இருக்கும் தெருவைச் சொல்லமாட்டேன். பாகூர் என்று சொல்லாமல் கதை நகராது. சொல்வது தப்போ என்றும் தெரியவில்லை. சம்பந்தப்பட்ட பெரியவர் மாதர் பத்திரிகை படிக்கமாட்டார். அவர் மருமகள் படிக்கக்கூடும் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் உறைக்கிறது. இருக்கட்டும், ஆரம்பித்துவிட்டேன்.

வேலை கற்ற காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சை தேறியிருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். முதல் வருஷம் முழுக்கத் தப்புத்தப்பாக எழுதினேன். செல்லிப்பட்டில் ஒருவர் வாங்கிய நிலத்துக்கு எல்லை எழுதும்போது வடக்கைத் தெற்காக்கி, அவருக்குச் சங்கராபரணி ஆற்றையே கிரயம் செய்து கொடுத்துவிட்டேன். அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ஐயா அதைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு, "மெர்சி, மதாம்" என்றார்.

மெர்சி என்றால் நன்றி, மதாம் என்றால் அம்மா. எங்கள் ஐயா சவரிநாதர் திட்டுவதற்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் வைத்திருந்தார். தப்பு சின்னதென்றால் சத்தமாகச் சொல்வார். பெரிதாக ஆக ஆகக் குரல் தணியும். ஆற்றை விற்ற அன்று உதடு அசைந்ததைத்தான் பார்த்தேன்.

மெல்லிய மனிதர், மெதுவான மனிதர். எந்தப் பத்திரத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிப்பார். எதிரில் இருப்பவர் செவிடராக இருந்தாலும் படிப்பார். "கேட்பது அவர் பாடு, படிப்பது என் கடமை" என்பார். தூங்கிவிட்டவர்களை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து மறுபடி படிப்பார்.

மெழுகுவத்திகளை அவரேதான் தயார் செய்வார். மாதா கோயிலில் ஏற்றும் மெல்லிய திரிகளை வாங்கி, நூலால் ஒரு விரற்கடை அளவுக்கு அறுப்பார். கத்தி பட்டால் திரி நசுங்குமாம். அறுத்ததில் மூன்றை ஏற்றிவைத்துப் பைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே எரிய வேண்டும். அதற்குள் அணைந்தால் அத்தனையும் குப்பைக்குப் போகும். நல்லவற்றைப் பிஸ்கோத்து டப்பாவில் போட்டு, எலி வராமலிருக்க ஒரு துண்டு கற்பூரமும் வைப்பார். ஒருமுறை டப்பாவை வெயிலில் வைத்துவிட்டேன். திறந்தபோது எல்லாம் நாய்வாலாக வளைந்திருந்தன. அன்றைக்கு நடுத்தரமான மெர்சி.

முறை இதுதான். ஒருவர் விலை கேட்டதும் முதல் மெழுகுவத்தி ஏற்றப்படும். அது எரிந்து முடிவதற்குள் யாரும் ஏற்றிக் கேட்காவிட்டால் இரண்டாவது. அதுவும் தானாக எரிந்து முடிந்தால் சொத்து கடைசியாகக் கேட்டவருக்கு. நடுவில் யாராவது ஒரு ரூபாய் ஏற்றிக் கேட்டாலும் மறுபடி முதலிலிருந்து. மெழுகுவத்தியை யாரும் தொடக்கூடாது, ஊதக்கூடாது, மறைக்கவும் கூடாது.

இனி வீட்டுக்கு வருகிறேன். புதுச்சேரிப் பட்டணத்தில், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில், துரைமார் வீடுகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட ஒரு பழைய மெத்தை வீடு. பச்சை ஜன்னல்கள், தேக்கு மாடிப்படி, நடுவில் திறந்த முற்றம், கிணறு, வண்டி நிறுத்த ஒரு கொட்டகை. பாகூர் ராமலிங்க ரெட்டியாரின் தகப்பனார் வாங்கிப் போட்டது. பிள்ளைகள் படிக்கவும் கோர்ட் வேலைக்கு வந்தால் தங்கவும் வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் வீடிருக்கிறது என்றால் பாகூரில் உட்காரத் தனியாகப் பலகை போடுவார்கள். விளம்பரத்தை எழுதியவள் நான். "நல்ல கடற்காற்று" என்று சேர்த்திருந்தேன். ஐயா அதை அடித்துவிட்டு, "காற்றுக்கு நான்கெல்லை எழுத முடியாது, மதாம்" என்றார்.

தகப்பனாருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் மனைவி வள்ளியம்மைக்கு அப்போது இருபது வயது, கையில் எட்டுமாதக் குழந்தை. வீட்டில் பாதி ரெட்டியாருக்கு, பாதி அந்தக் குழந்தைக்கு. மைனர் பங்கு இருந்தால் எங்கள் சட்டத்தில் பேசி முடிக்க முடியாது, பகிரங்க ஏலம்தான். கோர்ட் அடிவிலை ஒன்றைப் போட்டிருந்தது. பழைய கணக்கு, ரொம்பக் குறைச்சல்.

ரெட்டியார் காரியாலயத்துக்கு வந்து சண்டை போட்டார். "என் வூட்ட நானே எடுத்துக்க இன்னாத்துக்குங்க ஏலம்?"

"பாதிதான் உங்களுடையது, ரெட்டியாரே. மறுபாதிக்காரருக்கு இன்னும் பல் முளைக்கவில்லை."

"அதுக்கு சோறு போடறவன் நான். அதுக்கு எதுக்குத் தனியா காசு?"

"அதைத்தான் கோர்ட்டும் கேட்டது. பிறகு ஏலம் போடச் சொன்னது."

"போடுங்க, போடுங்க. எவன் வந்து என்னை எதுத்துக் கேட்டுடறான்னு பாக்கறேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது வெறும் வீம்பில்லை. பட்டணத்து வியாபாரிகளுக்கு நெல்லும் வெல்லமும் அவர் களத்திலிருந்துதான் போகும். ஒவ்வொருவர் கடைக்கும் போய், குடும்ப வீடு, வெளியே போகக்கூடாது, யாரும் கேட்கவேண்டாம் என்று சொல்லி வெற்றிலை வைத்துவிட்டு வந்திருந்தார். அடிவிலைக்கே முடிந்துவிடும்.

முடிந்தால் வள்ளியம்மையின் கதி என்னவென்று எனக்குத் தெரியும். வில்லியனூரில் அவள் அண்ணன் ஒரு சின்ன வீட்டையும் கொஞ்சம் நஞ்சையையும் பார்த்து வைத்திருந்தார். நியாயமான விலை வந்தால் குழந்தையின் பங்கில் அதை வாங்கக் கோர்ட் சம்மதித்திருந்தது. அடிவிலையில் அது முடியாது. மூத்தார் வீட்டு அடுப்படியில்தான் அவளுக்கு ஆயுசு. நான் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். அதனால்தானோ என்னவோ, அந்த ஏலத்துக் காகிதக் கட்டை எடுக்கும்போதெல்லாம் என் கை கனத்தது. நகல் எழுதுகிறவளுக்குக் கை கனக்கக்கூடாது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு வெளியாள் விசாரிக்க வந்தார். திருபுவனைப் பக்கத்தில் அரிசி மில் வைத்திருக்கும் நாயக்கர். மகனைப் பட்டணத்தில் படிக்க வைக்க வீடு தேடினார். ரெட்டியாரோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பயமும் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம், "அந்தக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேவுமா பாப்பா?" என்றார்.

எந்தப் பத்திரத்திலும் அது எழுதியிருக்கவில்லை. தெரியாது என்றேன்.

"அது தெரியாம எப்பிடி வூடு வாங்கறது? சரி, மூணு மணி ஏலம்னா ஐயா படிச்சு முடிக்கவே நேரமாவும், அன்னிக்கி நாலு மணிக்கு வந்துடறேன்."

ஏலம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அந்த வீட்டிலேயே. ஐயா ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டார், நான் டப்பாவை எடுத்துக்கொண்டேன். வில்லியனூரில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வியாபாரிகள் வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். ரெட்டியார் நடுநாயகமாக நாற்காலியில். உள் அறையில் பெண்கள், அதன் வாசற்படியோரம் நான். வள்ளியம்மை ஒரு மூலையில் இருந்தாள். ரெட்டியாரின் மனைவி செங்கேணி அம்மாள் ஒரு துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

ஐயா ஷரத்துகளைப் படிக்க ஆரம்பித்தார். பிரெஞ்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. நாலு மணிக்கு நாயக்கர் வரவில்லை. அவர் வராவிட்டால் எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்தேன். ஒரு வியாபாரி தூங்கிவிட்டார். ஐயா அவரை எழுப்பி மூன்றாம் ஷரத்தை மறுபடி படித்தார். அந்த வியாபாரிக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். அதுவும் தப்புத்தான்.

ஐந்தேகால் ஆயிற்று. வள்ளியம்மை தண்ணீர் குடிக்க எழுந்தபோது குழந்தையை என்னிடம் கொடுத்தாள். வீட்டின் பாதிச் சொந்தக்காரர் என் மடியில் வந்து அமர்ந்தார், என் புடவையை நனைத்தார், ஷரத்துகளின் நகலில் ஒரு மூலையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் செங்கேணி அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா கண்ணு, மெழுவத்தியெல்லாம் எடுத்தாந்திருக்கீங்க? கரண்டு இல்லியா இங்க?"

நான் முறையை விளக்கினேன். யாருக்கும் விளக்கலாம், அது என் வேலை. ஒன்று எரிந்து முடியும், அடுத்ததும் எரிந்து முடியும், அத்தோடு வீடு உங்கள் வீட்டுக்காரருக்கு என்றேன்.

"முடியணும்னா? அணையணுமா?"

"ஆமாங்க அம்மா. அணைஞ்சு பொகை வரணும். அப்பதான் தீர்ப்பு."

"நடுக்கூடத்துலியா?"

"ஆமாங்க."

அவர் மடியிலிருந்த மூட்டையை இழுத்து வைத்துக்கொண்டார். நான் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன். வாசலைப் பார்த்தேன். நாயக்கர் இல்லை. வெயில் முற்றத்துச் சுவரின் மேலே ஏறிவிட்டிருந்தது. அப்போது சொன்னேன்: "விளக்கு வைக்கிற நேரம் ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை வேற."

அந்த வார்த்தை இதுதான். எந்தப் பெண்ணும் எந்தப் பெண்ணிடமும் சொல்வது. நானே வீட்டில் வாரந்தோறும் சொல்கிறேன்.

கூடத்தில் ஐயா படித்து முடித்தார். ரெட்டியார் அடிவிலைக்கு மேல் ஐந்து ரூபாய் வைத்துக் கேட்டார். வியாபாரிகள் மேலே உத்தரத்தைப் பார்த்தார்கள். ஐயா முதல் மெழுகுவத்தியைத் தட்டில் நிறுத்தி ஏற்றினார். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியும். அணைந்தது. புகை மேலே போயிற்று. உள்ளே செங்கேணி அம்மாள் நாக்கைச் சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது.

இரண்டாவது ஏற்றினார். பாதி எரிந்திருக்கும். செங்கேணி அம்மாள் எழுந்தார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவர் அதுவரை தலையைக்கூடக் காட்டியதில்லை. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே நடந்தார். கையில் ஒரு காமாட்சி விளக்கு. மெழுகுவத்தியைக் கையால் மறைத்து, அதிலிருந்து விளக்கை ஏற்றினார். பிறகு மெழுகுவத்தியைத் தட்டோடு எடுத்து விளக்குக்குப் பக்கத்தில், மாடத்தில் வைத்தார்.

"ஏய் செங்கேணி, இன்னா பண்ற?" ரெட்டியார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"வெளக்கு வைக்கிறேன்."

"அது ஏலத்து மெழுவத்திடி."

"இருக்கட்டும். வெள்ளிக்கெழமையும் அதுவுமா, வெளக்கு வைக்கிற நேரத்துல, நடுக்கூடத்துல நெருப்பு அணைஞ்சு பொகையறத நான் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணுமா? இது இன்னும் நம்ம வூடு. வூட்ட எடுக்கறீங்களா, மூதேவிய எடுக்கறீங்களா?"

ரெட்டியார் வாயைத் திறந்தார். பன்னிரண்டு வியாபாரிகள் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால், வெள்ளிக்கிழமை விளக்கை அணை என்று எந்தக் குடும்பஸ்தன் சொல்வான்? மூடிக்கொண்டார்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் காற்று இருந்தது, மழை இருந்தது, கலகம் இருந்தது. செங்கேணி அம்மாள் இல்லை. "நெருப்பு தானாக முடியவில்லை, மனிதக் கை பட்டுவிட்டது. இது செல்லாது. முதலிலிருந்து" என்றார். பிறகு செங்கேணி அம்மாளைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "மெர்சி, மதாம்" என்றார். அவர், "இருக்கட்டும் சாமி" என்றார்.

மறுபடி முதல் மெழுகுவத்தி. இப்போது கூடத்துக்கே தொற்றிக்கொண்டுவிட்டது. சுடர் தாழ்ந்ததும் ஒரு வெல்ல மண்டிக்காரர் தன்னையறியாமல் இரண்டு கையையும் குவித்துக் காற்றை மறைத்தார். "செட்டியாரே, கை" என்றார் ஐயா. "மன்னிக்கணும் ஐயா, மனசு கேக்கல" என்றார் அவர். அதுவும் செல்லாது. பின்னாலிருந்து ஒருவர், "அந்த அம்மா சொல்றது நாயந்தானேப்பா, அரை நாழி பொறுத்தா இன்னா?" என்றார். இன்னொருவர், "சூரியன் எறங்கட்டும் ரெட்டியாரே, வூடு எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

ஐயா ரெட்டியாரைப் பார்த்தார். ரெட்டியார் மனைவியைப் பார்த்தார். மனைவி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரிங்க, ஆவட்டும்" என்றார் ரெட்டியார், பல்லைக் கடித்துக்கொண்டு. ஐயா ரிஜிஸ்தரில் எழுதினார்: கேட்டவரின் சம்மதத்தோடு ஏலம் அரைமணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது.

இருபது நிமிஷம் கழித்து வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. நாயக்கர் வேர்த்து வழிய இறங்கினார். கக்கத்தில் ஒரு பை.

"எல்லைச் சாவடியில நிறுத்திட்டாங்க. ரெண்டு படி துவரம்பருப்பு எதுக்கு எடுத்துனு போறன்னு கேட்டான். ஏலத்துக்குன்னேன். ஏலத்துல பருப்புக்கு இன்னா வேலைன்னான். கெணத்துத் தண்ணியில வேவுதான்னு பாக்கன்னேன். அவன் என்னைப் பைத்தியம்னு எழுதிக்கினு ஒக்காந்துட்டான். ஏலம் முடிஞ்சு போச்சா?"

முடியவில்லை. ஆரம்பிக்கப்போகிறது என்றார் ஐயா.

அதற்குப் பிறகு நடந்தது நேர்மையான ஏலம். நாயக்கர் ஏற்றினார், ரெட்டியார் ஏற்றினார். ஒவ்வொரு முறையும் புது மெழுகுவத்தி. டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்த நான் ஒரு கட்டத்தில் அடியைப் பார்த்துவிட்டேன். நான்குதான் மிச்சம். தீர்ந்தால் என்ன செய்வது என்று அவற்றை மறுபடி எண்ணினேன். ரெட்டியாருக்கு முகம் சிவந்து, "போதும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து செங்கேணி அம்மாளின் குரல்: "வெளக்கு வச்ச வூட்ட வுட்டுட்டுப் போறதா? கேளுங்க."

கேட்டார். நாயக்கர் உதட்டைப் பிதுக்கினார். முதல் மெழுகுவத்தி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. வீடு ரெட்டியாருக்கே, அடிவிலையைப்போல இரண்டரை மடங்குக்கு.

நாயக்கருக்கு வருத்தமில்லை. "பருப்பையாவது பாத்துட்டுப் போறேன்" என்று முற்றத்தில் மூன்று கல் கூட்டிச் சட்டியை ஏற்றினார். நாங்கள் கையெழுத்து வாங்கி முடிக்கும்வரை கொதித்தது. கரண்டியால் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "வேவல. உப்புத் தண்ணி. தப்பிச்சேன்டா சாமி" என்று எல்லோரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். ரெட்டியார் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் ஐயா கேட்டார்: "அந்த அம்மாளிடம் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், மதாம்?"

"முறையை விளக்கினேன், ஐயா."

"வேறு?"

"குழந்தை காகிதத்தைத் தின்றது. அதைப் பற்றி."

அவர் தலையசைத்தார். மறுநாள் நடவடிக்கைக் குறிப்பில், நகல் எழுத்தர் பெண்களுக்கு முறையை விளக்கினார் என்று எழுதி என்னிடம் கொடுத்தார். அதை நான்தான் சுத்தப்பிரதி எடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக வேறெதையும் எழுதியதில்லை. ஒரு அடித்தல் கிடையாது, ஒரு மைத்துளி கிடையாது. உண்மை மட்டும் முழுசாக இல்லை.

வள்ளியம்மை இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். குழந்தையின் பெயரில் வீடும் நிலமும் வாங்கியாகிவிட்டது. அவனும் என் மகளும் ஒரே மண்ணில் புரள்கிறார்கள். அவன் அவளைக் கடித்துவிட்டால்கூட நான் அதட்டுவதில்லை. இது சரியா என்றும் தெரியவில்லை.

பிலோமினா குறிப்புக் கேட்டுப் போனபிறகு உண்மையை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். ரெட்டியார் இதைக் கேள்விப்பட்டுக் கோர்ட்டில் இறங்கிவிட்டால் ஒரு வழக்கு வரலாம். ஏலத்தில் காரியாலயத்து ஆள் தலையிட்டார் என்று சொல்லிக் கிரயத்தைக் கலைக்கப் பார்க்கலாம். கலைந்தால் குழந்தையின் நிலம் என்ன ஆகும்? ஆனாலும் ஐயாவிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன். என் கணவரைக் கேட்டேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். "நீ வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமை என்று சொன்னாய். அதில் பொய் எங்கே?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அதற்கு மறுநாள் வில்லியனூர்க் கோயில் தேர்த்திருவிழாவில் செங்கேணி அம்மாளைப் பார்த்தேன். மகளை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக் கொஞ்சினார். எனக்கு அடக்க முடியவில்லை. "அம்மா, அன்னைக்கு நான் வெள்ளிக்கிழமைன்னு ஞாபகப்படுத்தினது தப்பு. உங்க வீட்டுக்காரருக்கு நஷ்டம் ஆயிடுச்சு" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஞாபகப்படுத்தினியா? எனக்கு வெள்ளிக்கெழமைன்னு நீ சொல்லியா தெரியணும்? வெளக்கு, எண்ணெ, திரி அத்தனையும் காலையிலயே பாகூர்லருந்து மூட்ட கட்டி எடுத்தாந்துட்டேனே. ஆளில்லாத வூட்டுல வெளக்கு எப்பிடி வந்துச்சுன்னு நெனச்ச?"

மகள் அவர் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"ரெண்டு பொம்பளைக்கு ஒரு அடுப்பு ஆவுமா கண்ணு? அவளும் பாவம், சின்னப் பொண்ணு. அவ புள்ளைக்குச் சேர வேண்டியது சேரட்டும்னு நெனச்சேன். சாமி காரியமாவும் ஆச்சு. எதுக்காவ பண்ணேன்னு எனக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியல. நீ ஒன்னும் வாயத் தொறக்காத. எங்க வூட்டு மனுசன் அன்னியிலருந்து வெள்ளிக்கெழமையில ஒரு காரியமும் வெச்சுக்கறதில்ல. அப்பிடியே இருக்கட்டும்." மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தேரைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்படியென்றால் நான் சொன்ன வார்த்தைக்கு எந்தப் பலனும் இல்லை. ஆனால் சொன்னபோது அது எனக்குத் தெரியாதே. பலனில்லாமல் போனால் குற்றமும் இல்லாமல் போய்விடுமா? என் குற்றத்தை நான் எழுதலாம், அது என்னுடையது. அதை முழுசாக எழுதினால் விளக்கை மூட்டை கட்டி எடுத்துவந்தவரையும் எழுத வேண்டும். அவர் வாயைத் திறக்காதே என்றிருக்கிறார். அவரை விட்டுவிட்டு என்னை மட்டும் எழுதினால் அது இரண்டாவது பொய்.

பிலோமினா திங்கட்கிழமை வருகிறாள். திரி அறுப்பது, டப்பா, கற்பூரம், காற்றைத் தடுப்பது எல்லாம் எழுதிவிட்டேன். சிக்கலான ஏலம் என்று தலைப்புப் போட்டு, கீழே அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறேன். குடும்பம் நடத்துகிற சகோதரிகள், முக்கியமாக ஏதாவது ஒரு காரியாலயத்தில் வேலை பார்த்துக் குழந்தைக்காக நின்றவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். அந்த அரைப் பக்கத்தில் நான் என்ன எழுதட்டும்? திங்கட்கிழமைக்குள் உங்கள் பதில் வந்து சேராது என்று எனக்குத் தெரியும். குழந்தைக்கு ஜலதோஷம் என்று சொல்லி ஒரு மாதம் தவணை வாங்கிக்கொள்கிறேன். இன்று காலையிலிருந்து அவள் இரண்டுமுறை தும்மியது உண்மைதான்.